டம்ளரில் ஒரு கோடு

வைஷ்ணவி எங்கள் தெருவில், பெற்ற தாய்க்குத் தண்ணீர் கொடுக்காதவள் என்று பெயர் வாங்கியவள். குடத்துக்கே பூட்டுப் போட்டாள் என்பார்கள். குடத்தில் எந்த இடத்தில் பூட்டை மாட்டுவது என்று ஒருத்தரும் யோசித்ததில்லை. பூட்டு தொங்கியது சமையலறைக் கதவில். சாவி கறுப்புக் கயிற்றில் அவள் கழுத்தில் கிடந்தது. குளியலறைக் குழாயின் திருகைக்கூடக் கழற்றித் தன்னிடம் வைத்திருந்தாள். எல்லாம் என் கண்ணால் பார்த்ததுதான். நான் எதிர்வீட்டுக்காரி, பால்வாடி டீச்சர். அந்த வீட்டைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இருக்கிறது. இல்லை என்கிறவர்கள் என் வாசலுக்கு வந்து சொல்லட்டும்.

கீரமங்கலத்துக்குக் கிழக்கே இருக்கிற ஊர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஊர்ப் பெயர் எழுதவில்லை, ஆட்களின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். ஏன் என்பது கடைசியில் உங்களுக்கே விளங்கும்.

வைஷ்ணவியின் அம்மா பரிமளா, பூ எடுக்கப் போகிறவள். விடிவதற்கு முன்னால் பூக்கொல்லையில் குனிந்தால் வெயில் ஏறிய பிறகுதான் நிமிர்வாள். புருஷன் நல்லதம்பி மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தபோது வைஷ்ணவி ஐந்தாம் வகுப்பு. அதற்குப் பிறகு அந்த வீட்டைத் தாங்கியது பரிமளாவின் தம்பி உதயசூரியன்தான். பக்கத்து ஊரில் தென்னந்தோப்பு வைத்திருந்தார். அரிசி, தேங்காய், பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் செலவு, தீபாவளிக்குத் துணி, எதிலும் குறை வைத்ததில்லை. அக்காள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போதே "அக்கா" என்று ஒரு குரல் கொடுப்பார். அந்தக் குரலிலேயே தெரியும் ஆள் எவ்வளவு பாசக்காரர் என்று.

பரிமளாவுக்கு முதுகு வலி. பூ எடுக்கிறவர்களில் யாருக்குத்தான் இல்லை? மெடிக்கலில் கேட்டால் மாத்திரை கொடுப்பார்கள், வாங்கிப் போட்டுக்கொண்டு மறுநாளும் குனிவாள். வருஷக்கணக்காக இப்படியே போனது. பிரஷர் இருந்ததும் அவளுக்குத் தெரியாது. வைஷ்ணவி பிளஸ் டூ படிக்கும்போது ஒரு நாள் பரிமளாவின் கால் வீங்கியது, பிறகு முகம் வீங்கியது. புதுக்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது, இரண்டு கிட்னியும் சுருங்கிவிட்டன, இனி வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் என்று சொல்லிவிட்டார்கள். உதயசூரியன் சட்டையைக் கழற்றாத குறையாக, என்னுடையதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று நின்றார். அவருக்குச் சர்க்கரை, ஆகாது என்றார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதார். வைஷ்ணவி தன்னுடையதைத் தருகிறேன் என்றதற்கு, கல்யாணம் ஆக வேண்டிய பிள்ளை, அந்தப் பேச்சை எடுத்தால் ஆஸ்பத்திரிக்கே வர மாட்டேன் என்று பரிமளா ஒரே பிடியாக மறுத்துவிட்டாள்.

செவ்வாயும் வெள்ளியும் தாயும் மகளும் முதல் பஸ்ஸில் ஆலங்குடி வழியாகப் புதுக்கோட்டை போவார்கள். மெஷின் ஓடுகிற நான்கு மணி நேரமும் வைஷ்ணவி வெளியே பெஞ்சில் பாடப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பாள். அருணா என்று ஒரு சிஸ்டர்தான் அவளுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தார். கிட்னி வேலை செய்யாத உடம்பில் குடிக்கிற தண்ணீர் வெளியே போக வழியில்லை, அது நுரையீரலில் போய்ச் சேரும், மூச்சு நிற்கும். அதனால் ஒரு நாளைக்கு அரை லிட்டர். கஞ்சி, ரசம், மோர் எல்லாம் அந்தக் கணக்கில்தான். காய்கறியை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். வாழைப்பழம் கூடாது, ஆரஞ்சு கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே இளநீர் கூடவே கூடாது, அதில் இருக்கிற உப்பு இதயத்தை அப்படியே நிறுத்திவிடும் என்று அருணா சிஸ்டர் இரண்டு தடவை சொன்னாராம். வைஷ்ணவி வீட்டுக்கு வந்ததும் ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்து, வெளிப்பக்கம் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டாள். ஒரு வேளைக்குக் கோடு வரை, அதற்கு மேல் கிடையாது.

பரிமளாவின் இடது கையில் ரத்தக் குழாய்களை இணைத்து ஊசி போட வழி செய்திருந்தார்கள். அந்த இடத்தைத் தொட்டால் உள்ளே கிர்ரென்று ஓர் அதிர்வு இருக்கும். அது இருக்கிறதா என்று தினமும் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். வைஷ்ணவி படுக்கும்போது ஒரு தடவை, எழுந்ததும் ஒரு தடவை, அந்தக் கையில் தன் கையை வைத்துப் பார்ப்பாள். நானும் ஒரு நாள் தொட்டுப் பார்த்தேன். தையல் மிஷின் மேல் கை வைத்த மாதிரி இருந்தது.

நோயைவிடத் தாகம்தான் பரிமளாவை ஆட்டிவைத்தது. சித்திரை வெயிலில் நாமெல்லாம் சொம்பு சொம்பாகக் குடித்துவிட்டு, அவளுக்கு மட்டும் கோடு என்றால் அது லேசான காரியமா? குளிக்கப் போய்க் குவளையில் குடித்தாள். திருகைக் கழற்றியது அதற்குப் பிறகுதான். ஈரத் துணியை நெற்றியில் போட்டுக்கொள்கிறேன் என்று வாங்கி அதைச் சப்பினாள். ஒரு தடவை பக்கத்து வீட்டு இருளாயி வாசலில் பூ நனைக்க வைத்திருந்த வாளியில் கையை விட்டு அள்ளிக் குடித்திருக்கிறாள். மறுநாளே மூச்சு வாங்கி, வாடகைக் காரில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று. பிழைத்தது ஆச்சரியம். அதற்குப் பிறகுதான் சமையலறைக்குப் பூட்டு வந்தது. அந்த வாளிக் கதை இருளாயிக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஊர் முழுக்க அவள் சொன்னது பூட்டுக் கதையை மட்டும்தான்.

பரிமளா கேட்கிற விதம் கல்லையும் கரைக்கும். முதலில் கெஞ்சுவாள், செல்லம் என்பாள், ராசாத்தி என்பாள். பிறகு வாயில் வந்தபடி ஏசுவாள். எங்கள் வீட்டுக் கூடம் வரை கேட்கும்.

"ஒரு வாய்த் தண்ணிக்கு என்னய இப்புடி அலைய விடுறியே, ஒனக்கும் ஒரு புள்ள பொறந்து அது ஒனக்கு இப்புடியே செய்யணும்டி."

வைஷ்ணவி எழுந்து போய்ப் பூட்டைத் திறப்பாள். கோடு வரை ஊற்றிய டம்ளரைக் கொண்டுவந்து வைப்பாள். அம்மா அதைக் குடித்து முடிக்கிற வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். காலியான டம்ளரை வாங்கிக்கொண்டு போய்ப் பூட்டுவாள்.

தெருவுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளை அம்மாவுக்கு முன்னால் தண்ணீர் குடிக்க மாட்டாள். தாகம் எடுத்தால் என் வீட்டுக்கு வருவாள். நேராக உள்ளே போய்ச் சொம்பை எடுத்து, சுவரைப் பார்த்து நின்றுகொண்டு மடமடவென்று குடிப்பாள். குடித்துவிட்டு வாயைத் துடைப்பாள், தாவணியிலோ துப்பட்டாவிலோ ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் பார்த்துக்கொண்டுதான் வீட்டுக்குள் போவாள். எத்தனையோ நாள் நான் அடுப்படியில் நின்று அழுதிருக்கிறேன். அவள் அழுது நான் பார்த்ததில்லை. அம்மா உயிரோடு இருக்க வேண்டும், அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அதற்கு அம்மாவே தன்னை வெறுத்தாலும் சரி என்று இருந்தாள். சரி என்று இருந்தாளே தவிர, வலிக்காமல் இல்லை. ஒரு நாள் சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டாள்.

"டீச்சர், எங்கம்மா சாவும்போது என்னயத் திட்டிக்கிட்டேதான் சாவாங்களா?"

நான் என்னவோ சமாதானம் சொன்னேன். அதில் அவளுக்கும் நம்பிக்கையில்லை, எனக்கும் நம்பிக்கையில்லை.

இனி இளநீர் விவகாரம். கஜா புயலில் எங்கள் பக்கத்துத் தென்னை எல்லாம் ஒரே ராத்திரியில் சாய்ந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். உதயசூரியன் தோப்பில் ஒரு மரம் மிஞ்சவில்லை. மனுஷன் ஒரு வாரம் சாப்பிடவில்லை. பிறகு எழுந்து, கன்று வாங்கி, திரும்ப நட்டார். அந்தக் கன்றுகளில் வாசலில் வைத்த ஒன்று முதலில் பாளை விட்டது. முதல் காய்ப்பை அந்த வீட்டில் பிறந்த பெண்ணுக்குக் கொடுக்காமல் எங்கள் பக்கத்தில் வாயில் வைக்க மாட்டார்கள். அது மரத்துக்கும் நல்லது, வீட்டுக்கும் நல்லது என்பது நம்பிக்கை. அதுவும் உடம்பு முடியாத அக்காள். இளநீர் எங்களுக்கு மருந்து. காய்ச்சலுக்கு இளநீர், மயக்கத்துக்கு இளநீர், ஆபரேஷன் முடிந்து வந்தவனைப் பார்க்கப் போனால் இளநீர். இளநீர் ஓர் ஆளைக் கொல்லும் என்று சொன்னால் எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகூடச் சிரிக்கும்.

உதயசூரியன் நாலைந்து காயை மஞ்சள் துணியில் கட்டி, வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். வைஷ்ணவி வாசற்படியிலேயே மறித்தாள். மாமா, அம்மாவுக்கு இது ஆகாது, உள்ளே கொண்டுபோகாதீங்க என்றாள். அவர் சிரித்தார். இது மருந்தடிக்காத காய், நம் வீட்டுக் காய் என்றார். அவள் விளக்கிச் சொன்னாள், அருணா சிஸ்டர் சொன்னதைச் சொன்னாள். டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள், உன் அப்பாவுக்கும் ஆயிரம் சொன்னார்கள், பிழைத்தாரா என்று கேட்டார் அவர். உள்ளே இருந்து பரிமளாவின் குரல் கேட்டது, வழி விடு, என் தம்பி கொண்டாந்ததை நான் தொட்டாவது பார்க்கிறேன் என்று. அந்தப் பிள்ளை அவர் கையிலிருந்து தட்டை வாங்கியது. நேராக என் வீட்டுக்கு வந்து, பால்வாடிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று திண்ணையில் வைத்துவிட்டுப் போயிற்று.

பிறந்த வீட்டுச் சீரை வாங்கித் தெருவில் கொடுத்துவிட்டாள் என்று ஆயிற்று. உதயசூரியன் வண்டியைத் திருப்பினார். அப்புறம் ரொம்ப நாள் வரவில்லை. அரிசி மூட்டை மட்டும் ஆள் மூலம் வந்து இறங்கும். பரிமளா மூன்று நாள் மகள் முகத்தில் முழிக்கவில்லை. இருளாயி, தாயையும் பிரித்தாள், தாய்மாமனையும் பிரித்தாள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். நான் ஒரு நாள் அவளைத் தெருக்குழாயடியில் வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். இன்று வரை எங்களுக்குள் பேச்சு வார்த்தை இல்லை, எனக்கு அதில் வருத்தமும் இல்லை.

வைஷ்ணவி காலேஜில் சேர்ந்திருந்தாள். வாரத்தில் இரண்டு நாள் ஆஸ்பத்திரி என்றால் வகுப்புக்கு எப்படிப் போவது? பாதிப் பாடம் அரியர். ஒரு திங்கட்கிழமை அரியர் பரீட்சைக்குப் புதுக்கோட்டை போனாள். போகும்போது அம்மாவுக்குச் சாதமும், வடித்த காயும், கோடு வரை தண்ணீரும் எடுத்து வைத்துவிட்டுத்தான் போனாள். பத்திரமாப் போய்ட்டு வா, டீச்சரைத் தொந்தரவு பண்ணாதே, நான் படுத்துத் தூங்குவேன் என்று பரிமளாவே சொல்லி அனுப்பியிருக்கிறாள். நான் பால்வாடிக்குப் போய்விட்டேன்.

சாயங்காலம் வைஷ்ணவி என் வீட்டுக்கு ஓடி வந்தாள். அந்தப் பிள்ளை சிரித்து நான் பார்த்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. பரீட்சை நன்றாக எழுதியிருக்கிறாள் போல என்று நினைத்தேன். அதைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை.

"டீச்சர், அம்மா இன்னிக்குத் தண்ணியே கேக்கல. நான் வச்சுட்டுப் போன டம்ளரு அப்புடியே இருக்கு. பரீச்ச எப்புடி எழுதுனேன்னு கேட்டாங்க. தலையக் காட்டு, சீவி விடுறேன்னு சீவி விட்டாங்க, பாருங்க."

திரும்பி நின்று பின்னலைக் காட்டினாள். கோணல் பின்னல்தான், பரிமளாவின் விரலுக்கு அவ்வளவு பலம் இல்லை. வழக்கம்போல் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுப் போனாள்.

மறுநாள் செவ்வாய். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாள். விடிந்து, முதல் பஸ் ஹாரன் அடிக்கிற நேரத்தில் எதிர்வீட்டில் கதவு திறந்தது. வைஷ்ணவி வாசலில் நின்றாள். கத்தவில்லை. என்னைப் பார்த்து, டீச்சர் வந்து அம்மா கையைத் தொட்டுப் பாருங்க, எனக்குத் தெரிய மாட்டேங்குது என்றாள். நான் போய்த் தொட்டேன். கை குளிர்ந்திருந்தது. அந்த அதிர்வு இல்லை. அவள் தன் கையை எடுத்து அதே இடத்தில் வைத்தாள், கொஞ்சம் மேலே வைத்தாள், கொஞ்சம் கீழே வைத்தாள். இழவுக்கு ஆட்கள் வந்து நிறைகிற வரை அந்தக் கையில் அதைத் தேடிக்கொண்டே இருந்தாள்.

சாவு வீட்டில் எங்கள் வழக்கப்படி பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் எடுத்து வந்து குளிப்பாட்டினார்கள். சமையலறைப் பூட்டு திறந்து கிடந்தது. இப்பவாவது நிறைய ஊத்துங்க, தவிச்சுப் போன உசுரு என்றாள் இருளாயி, எல்லோர் காதிலும் விழும்படி. நாலு பேர் உச்சுக் கொட்டினார்கள். வைஷ்ணவி சுவர் ஓரமாக உட்கார்ந்து தண்ணீர் ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதயசூரியன் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையோடு வந்து அக்காள் காலடியில் விழுந்தார். நாலு பேர் சேர்ந்துதான் தூக்க முடிந்தது.

பதினாறாம் நாள் கருமாதி. அதற்குள் உதயசூரியன் ஒரு முடிவுக்கு வந்திருந்தார், வைஷ்ணவியைத் தன் வீட்டுக்கே கூட்டிப்போகிறேன், படிக்க வைக்கிறேன் என்று. பழசை மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை அவர். வாழை இலையில் பரிமளாவுக்குப் பிடித்ததெல்லாம் படைத்தார்கள். உதயசூரியன் தன் வாசல் மரத்து இளநீர் ஒன்றைச் சீவிக் கொண்டுவந்து இலைக்குப் பக்கத்தில் வைத்தார். வைக்கும்போதே உடைந்து போனார்.

"நானாவது எங்க அக்காளுக்கு வயிறு குளிரக் குடுத்தேன். அந்தத் திங்கக்கெழம அக்கா போன் போட்டுச்சு. தம்பி, புள்ள பரீச்சைக்குப் போயிருக்கு, வாசல் மரத்துக் காய் கொண்டு வாடான்னு. மூணு காய் குடிச்சுச்சு. ஒரு சொட்டு விடல."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. புண்ணியவான், தவித்த வாய்க்குக் கடைசியில் கூடப்பிறந்தவன்தான் கொடுத்தான் என்றார்கள். இருளாயி வைஷ்ணவியைப் பார்த்த பார்வையை நான் சாகிற வரை மறக்க மாட்டேன்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு ரத்தம் சுத்தமாகாத உடம்பு, அதில் மூன்று இளநீர். அடப்பாவி மனுஷா, நீதானடா என்று என் தொண்டை வரை வந்துவிட்டது. நான் எழுந்தேன். வைஷ்ணவி என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. பிடி மட்டும் இறுக்கமாக இருந்தது. என் கையை விடாமலே மாமாவைப் பார்த்துக் கேட்டாள்.

"அம்மா ஒண்ணும் சொல்லலயா மாமா?"

உதயசூரியன் துண்டால் கண்ணைத் துடைத்தார்.

"சொல்லுச்சு ஆத்தா. குடிச்ச மட்டையெல்லாம் வண்டியிலயே எடுத்துட்டுப் போயிரு, வைஷ்ணவிட்ட சொல்லிறாதன்னுச்சு. என்னால இனிமே முடியலடா தம்பி, ஆனா எம்புள்ள இத்தன நாளா என்னய உசுரோட இழுத்துப் புடிச்சு வச்சிருக்கு, அது பட்டதெல்லாம் வீணாப் போச்சேன்னு அழுவும்னுச்சு. எனக்கு அது ஒண்ணும் வெளங்கல. குடிச்சுட்டு ஒன் சீப்பத்தான் தேடுச்சு."

அவர் நிறுத்தினார். அவள் முகத்தில் எதையோ பார்த்திருக்க வேண்டும். திடீரென்று அவர் குரல் இறங்கியது.

"ஏன் ஆத்தா, நான் குடுத்தது தப்பா?"

சபை முழுக்க அவளைத்தான் பார்த்தது. ஒரு வார்த்தை போதும். இரண்டு வருஷப் பழி அங்கேயே கழன்றுவிடும். இருளாயி வாயடைத்துப் போவாள். அந்த மனுஷன் அதற்கப்புறம் எத்தனை நாள் உயிரோடு இருப்பார் என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது.

"இல்ல மாமா. நல்லதுதான் செஞ்சீங்க."

அதைச் சொல்லிவிட்டு எழுந்து சமையலறைக்குப் போனாள். அந்தக் கண்ணாடி டம்ளரோடு வந்தாள். இலைக்கு முன்னால் உட்கார்ந்து, இளநீரை எடுத்து டம்ளரில் ஊற்றினாள். கோடு வந்ததும் பழக்கத்தில் அவள் கை நின்றது. கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு கோட்டுக்கு மேலே ஊற்ற ஆரம்பித்தாள். விளிம்பு தொட்டு, வழிந்து, தரையில் ஓடி அவள் பாவாடையை நனைக்கிற வரை ஊற்றினாள். அன்றைக்குத்தான் அவள் அழுதாள்.